மூணு ஜோடி ஸ்பீக்கர், ஒரே ரூம்

முதல்லயே சொல்லிடறேன். நான் பி.காம். மூணாம் வருஷம். ஓம் விதியை எல்லாம் பத்தாங்கிளாஸோட வழியனுப்பியாச்சு. "ஆம்ப்ளிஃபயரைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?"னு எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நண்பர்கள் கேட்கலாம், தப்பே இல்லை. ஆனா எனக்குக் கணக்கு பார்க்கத் தெரியும். ஒரு கணக்கு நோட்டைப் பார்த்ததில் வந்த கடுப்புதான் இது.

நோட்டு என் பெரியப்பாவோடது. திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சர்வீஸ் முழுக்க அவருக்கு ஒரே ஒரு ஆசைதான்: ஒரு நல்ல ஸ்டீரியோ செட், அதுக்குன்னு ஒரு தனி ரூம், கதவைச் சாத்திட்டு எண்பதுகளின் ராஜா பாட்டு. ரிட்டயர் ஆன பணத்தில் மாடியில் ரூம் கட்டினார். பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரம் பத்தடி. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, வழுவழுன்னு டைல்ஸ் தரை.

இனி நோட்டு. முதல் ஜோடி ஸ்பீக்கர் 40,000. எட்டு மாசத்தில் 22,000க்குத் தள்ளிவிட்டார். ரெண்டாவது ஜோடி 75,000, அது 45,000க்குப் போச்சு. மூணாவது ஜோடி 1,20,000, இப்போ வீட்டில் இருப்பது. நடுவில் ஸ்பீக்கர் கேபிள் 9,000. கரண்ட்டை "சுத்தம்" பண்ற பெட்டி 16,000. மூணாவது ஜோடியை சொத்துன்னே வச்சுக்குவோம். மத்ததில் மட்டும் 73,000 ரூபாய் காத்தோட போயிருக்கு. பென்ஷன்காரர் பணம் சார்!

இவ்வளவுக்கும் அவர் சொன்ன புகார் ஒண்ணே ஒண்ணுதான். மூணு ஜோடிக்கும் அதேதான். "பேஸ் கும்முன்னு ஒரே சுருதியில இடிக்குதுடா. பேஸ் கிடார் வாசிக்கிறவர் சில இடத்துல சுவரை இடிக்கிறார், சில இடத்துல வாசிக்கவே மாட்டேங்கிறார்."

இதைவிடத் தெளிவா ஒரு மனுஷன் புகார் சொல்ல முடியுமா? அதுக்கு அவருக்குக் கிடைச்ச பதில்களைக் கேளுங்க. முதல் தடவை, "சின்ன ஸ்பீக்கர் சார், அப்படித்தான் இருக்கும், பெருசா எடுங்க." அடுத்த தடவை, "ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் இல்லை, கேபிளை மாத்துங்க." அப்புறம், "உங்க ஏரியா கரண்ட் சரியில்லை." எல்லாம் தீர்ந்த பிறகு கடைசியா ஒருத்தர், வீட்டுக்கே வந்து ரெண்டு மணி நேரம் கேட்டுட்டு, காபியும் குடிச்சுட்டு சொன்ன வார்த்தை: "சார், இந்த லெவல் செட்டுக்கு உங்க காது இன்னும் பழகணும்."

இந்த இடத்தில்தான் எனக்குக் கொதிச்சது. ஏன்னா பெரியப்பா அதை நம்பிட்டார். தன் காதில்தான் ஏதோ கோளாறுன்னு ஈ.என்.டி. டாக்டர்கிட்ட போகலாமான்னு பெரியம்மாகிட்ட கேட்டிருக்கார். வாழ்நாள் பூரா வெர்னியர் காலிபர் வைக்காம ஒரு பாகத்தைக்கூட "சரி"ன்னு சொல்லாத மனுஷன். அவர் வீட்டுக்குள்ள இத்தனை பேர் வந்து போயிருக்காங்க, ஒருத்தராவது எதையாவது அளந்தாங்களா? ஒரு டேப்பை எடுத்து ரூமையாவது?

நான் அளந்தேன். டேப்பும் செல்போன் கால்குலேட்டரும் போதும்.

பாத்ரூம்ல பாடிப் பார்த்திருப்பீங்க. ஏதோ ஒரு சுருதியில் மட்டும் குரல் திடீர்னு கே.ஜே.யேசுதாஸ் ஆகும் (ஆகாதவங்க மன்னிக்கவும்). எதிரெதிர் சுவர் ரெண்டுக்கும் நடுவில் ஒலி அலை போய்த் திரும்பி வரும்போது, அலைநீளத்தில் பாதியும் சுவர் இடைவெளியும் ஒண்ணா இருந்தா, ஊஞ்சலை சரியான நேரத்தில் தள்ளின மாதிரி அந்த ஒரு சுருதி மட்டும் ஏறிக்கிட்டே போகும். நம்ம ஊர் சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும்னு வச்சுக்கலாம். பன்னிரண்டு அடி நீளத்துக்குக் கணக்குப் போட்டா சுமார் 48 ஹெர்ட்ஸ். பத்தடி அகலத்துக்குச் சுமார் 57 ஹெர்ட்ஸ்.

உயரம்? அதுவும் பத்தடி. அதுவும் 57 ஹெர்ட்ஸ்!

அதாவது ரெண்டு ஊஞ்சல், ஒரே தாளத்தில். அகலமும் உயரமும் சமமா ஒரு ரூம் கட்டினா அந்தச் சுருதியை ரெட்டிப்பாக்க நாமளே ஆள் வச்ச மாதிரி. அமெரிக்க வீடுகளின் உள்சுவர் பெரும்பாலும் ஜிப்சம் பலகை. பேஸ் வந்து மோதினா அது கொஞ்சம் ஆடும், ஆடுறதில் கொஞ்சம் சத்தத்தைத் தின்னும். நம்ம செங்கல் சுவரும் கான்கிரீட்டும் ஆடாது. வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். வீடு உறுதியா இருக்கணும்னு நாம கேட்ட வரம்தான் அது.

இப்போ பேஸ் கிடாருக்கு வாங்க. நாலு கம்பி. தடியான கம்பியிலிருந்து வரிசையா ஈ 41, ஏ 55, டி 73, ஜி 98 ஹெர்ட்ஸ். ஏ கம்பியை சும்மா விட்டு மீட்டினா 55. அடுத்த அரைச் சுரம் 58. ரெண்டும் போய் நேரா 57 ஊஞ்சல்மேல உட்காருது. "சில இடத்துல சுவரை இடிக்கிறார்"னு பெரியப்பா சொன்னது எந்த இடம்னு இப்போ தெரியுதா? அவர் காதுக்கு டாக்டர் தேவையில்லை. அந்தக் காது ஒரு அளவுகோல்.

சரி, "சில இடத்துல வாசிக்கவே மாட்டேங்கிறார்"? அது இன்னும் கொடுமை, ஏன்னா அது ஆலோசனை கேட்டதால் வந்தது. "ஸ்பீக்கரை சுவரில் இருந்து மூணடி முன்னாடி இழுத்து வைங்க, மேடை விரியும்"னு யாரோ சொல்லியிருக்காங்க. ஸ்பீக்கரில் இருந்து நேரா வர்ற ஒலியும், பின்சுவரில் பட்டுத் திரும்பி வர்ற ஒலியும் ஒரு குறிப்பிட்ட சுருதியில் எதிரெதிரா மோதி ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். ஸ்பீக்கர் முகத்துக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரம் அலைநீளத்தில் கால் பங்கா இருக்கிற சுருதி அது. மூணடிக்குச் சுமார் 95 ஹெர்ட்ஸ். ஜி கம்பி 98. வாசிச்சவர் வாசிச்சுட்டுத்தான் இருக்கார், பின்சுவர்தான் அதை அழிக்குது.

இதெல்லாம் கணக்கு. நிஜமா அளக்க மைக் வேணும். நாங்க நாலு பேர் கிளாஸ்ல சேர்ந்து 11,000 ரூபாய்க்கு மினிடிஎஸ்பி யூமிக்-1 மைக் ஒண்ணு வாங்கினோம், தலைக்கு 2,750. யூ.எஸ்.பி.யில் சொருகினா போதும். ஒவ்வொரு மைக்குக்கும் அதன் சீரியல் நம்பரைப் போட்டு எடுத்துக்கிற மாதிரி தனித்தனி திருத்தக் கோப்பு உண்டு. அளக்கிற மென்பொருள் ரூம் ஈக்யூ விசார்ட், இலவசம். 20 ஹெர்ட்ஸில் ஆரம்பிச்சு மேலே மேலே ஏறிப் போற ஒரு "ஊஊஊய்ங்" சத்தத்தை ஸ்பீக்கரில் விடும், மைக்கில் வந்ததை வச்சுப் படம் வரையும். மே மாசம், திருச்சி, மொட்டை மாடிக்குக் கீழ் ரூம், ஃபேனை நிறுத்தியாகணும் (காத்து மைக்கில் பட்டா அளவு கெடும்). பனியன் பிழியற அளவுக்கு வேர்த்துட்டு பெரியப்பாவும் நானும் அசையாம நிக்கிறோம். பெரியம்மா கீழிருந்து, "ஏங்க, மிக்ஸியை மாடிக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்களா?"

படம் வந்தது. 57ல் பக்கத்து இடங்களைவிட 14 டெசிபல் தூக்கலா ஒரு மலை. 48ல் ஒரு குன்று. 95ல் பாதாளம். 10 டெசிபல் ஏறினா நம்ம காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தம். 14னா அதுக்கும் மேல. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கின கேபிள் இதில் எத்தனை டெசிபலை மாத்தியிருக்கும்னு நினைக்கறீங்க?

அப்புறம் நான் ஒரு காரியம் பண்ணினேன். முதல் ஜோடியை வாங்கினவர் அதே தெருதான். ஒரு நாளைக்கு இரவல் கேட்டு, அதே இடத்தில் வச்சு, அதே மைக்கை அதே இடத்தில் நிறுத்தி அளந்தோம். 40,000 ரூபாய் ஸ்பீக்கருக்கும் 1,20,000 ரூபாய் ஸ்பீக்கருக்கும் 57ல் அதே மலை, 95ல் அதே பாதாளம். உயரத்தில்தான் ஒண்ணு ரெண்டு டெசிபல் கூடக்குறைய. (ரெண்டாவது ஜோடி கரூர் போயிடுச்சு, விட்டுட்டோம்.) பெரியப்பா ரெண்டு கோட்டையும் மாத்தி மாத்திப் பார்த்தார். "அப்ப நான் மாத்தினது எதைடா?"ன்னார். பதில் சொல்ல எனக்கு வாய் வரலை.

மத்த எல்லா வியாபாரத்திலும் சரக்கில் குறைன்னா எங்கே குறைன்னு முதல்ல பார்ப்பாங்க. சைக்கிள் கடைக்காரர்கூட டியூபைத் தண்ணியில் முக்கிப் பார்த்துட்டுத்தான் பஞ்சர் ஒட்டுவார். இந்த ஒரு தொழிலில் மட்டும் தண்ணித் தொட்டியைக் காட்டினா, "அளவுகோலால் இசையை அளக்க முடியுமா?"ன்னு தத்துவம் பேசறாங்க. இசையை யார் அளந்தா? ரூமைத்தான் அளக்கறோம்.

அடுத்து வரும் பாருங்க பெரிய வாதம்: "ஈக்வலைசர் போட்டா சிக்னலோட தூய்மை கெட்டுடும்." விலை ஏற ஏற ஆம்ப்ளிஃபயரில் பேஸ், ட்ரெபிள் திருகு காணாமல் போகும், அதையே பெருமையா விளம்பரமும் பண்ணுவாங்க. இதைச் சொல்றவங்க வீட்டுக்குப் போனா பெரும்பாலும் எல்.பி. ரெக்கார்ட் பிளேயர் ஒண்ணு நடுநாயகமா இருக்கும். நல்ல விஷயம், எனக்கும் பிடிக்கும். ஆனா அந்த ரெக்கார்டை எப்படி வெட்டறாங்கன்னு தெரியுமா? பேஸை அப்படியே வெட்டினா பள்ளம் அகலமாகி ரெக்கார்டில் இடம் பத்தாது. அதனால பேஸைக் குறைச்சு, ட்ரெபிளைத் தூக்கி வெட்டுவாங்க. 1954ல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. வரையறைதான் இன்னைக்கும் அதுக்கு அளவு. கேட்கும்போது போனோ ப்ரீஆம்ப் அதைத் தலைகீழா மாத்தணும்: 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் தூக்கணும், 20,000 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் இறக்கணும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கிட்டத்தட்ட 40 டெசிபல் ஈக்வலைசர்! அதைத் "தூய ஒலி"ன்னு கண்ணை மூடிக் கேட்பாங்களாம், 57ல் நாம 10 டெசிபல் குறைச்சா மட்டும் தீட்டாம்.

பாட்டு பதிவான இடத்தையாவது பாருங்க. மிக்ஸிங் மேஜையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஈக்வலைசர் உண்டு. கேட்டுப் பார்க்கிற மானிட்டர் ஸ்பீக்கருக்கும் உண்டு. ஃபின்லாந்தின் ஜெனலெக் நிறுவனம் மைக் வச்சு ரூமை அளந்து தன்னைத் தானே திருத்திக்கிற ஸ்டூடியோ மானிட்டர்களை 2006லேயே கொண்டு வந்தாச்சு. வீட்டு சாமான்களிலும் இது புதுசு இல்லை. ரிசீவர்களில் ஆடிசி ரொம்ப காலமா வருது, ஸ்வீடன்காரங்களோட டிராக் லைவ் இருக்கு. சோனோஸ் 2015லும் ஆப்பிள் ஹோம்பாட் 2018லும் இதைச் சமையலறை மேடைக்கே கொண்டு வந்தாச்சு. பாடகரும் இஞ்சினியரும் கேட்டு சரி சொன்ன ஒலியை நம்ம வீட்டு மூலை 14 டெசிபல் திரிக்குது, அந்தத் திரிப்பை எடுக்கிறது எப்படித் தூய்மைக் கேடு ஆகும்?

சிலர் கொஞ்சம் நியாயமா, "மென்பொருள் எதுக்கு, ரூமையே சரி பண்ணுங்க"ம்பாங்க. ஒத்துக்கறேன், பாதி. கை தட்டினா "டிர்ர்ர்"னு திரும்பி வர்ற டைல்ஸ் ரூமுக்கு எந்த மென்பொருளும் மருந்து இல்லை. பெரிய பவானி ஜமக்காளம் ஒண்ணு, கனமான திரைச்சீலை, புத்தகம் நிறைஞ்ச அலமாரி, இதெல்லாம்தான் வேணும். ஆனா 57 ஹெர்ட்ஸுக்கு? அதன் அலைநீளம் ஆறு மீட்டர். பஞ்சு மாதிரி சமாச்சாரம் அதை உருப்படியா உறிஞ்சணும்னா கால் அலைநீளம், அதாவது ஒன்றரை மீட்டர் தடிமன் வரைக்கும் கேட்கும். பத்தடி ரூமில் அஞ்சடி பஞ்சுக்குப் போயிட்டா பெரியப்பா வெளியே உட்கார்ந்துதான் பாட்டு கேட்கணும். குறிப்பிட்ட சுருதிக்குன்னே செய்யற பலகைப் பொறிகள் உண்டு, அதைக் கட்டுறது நமக்குக் கைவராத தச்சுவேலை. அப்புறம் அந்த முட்டை அட்டை! தயவுசெஞ்சு யாரும் சுவரில் முட்டை அட்டை ஒட்டாதீங்க. பேஸுக்கு அதால் ஒரு பிரயோஜனமும் இல்லை, கரப்பான்பூச்சிக்குத்தான் குவார்ட்டர்ஸ்.

சரி, இப்போ எங்க கட்சிக்காரங்களுக்கும் ரெண்டு போடணும். மென்பொருள் வாங்கி, மைக்கை ஒரே இடத்தில் வச்சு, பட்டனை அமுக்கி, 20ல் இருந்து 20,000 வரைக்கும் ரூலர் வச்ச மாதிரி நேர்கோடு வரைஞ்சு அதைப் படம் பிடிச்சுக் காட்டறவங்க. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன், ஒரு சாயங்காலம் மட்டும். முதல் நாள் உற்சாகத்தில் முழுக்க நேராக்கினேன். கோடு அவ்வளவு அழகு. பெரியப்பா அரை பாட்டு கேட்டுட்டு, "அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் மாதிரி இருக்குடா, பேசாம கழட்டிடு"ன்னார்.

அவர் காது மறுபடியும் சரி. ரூமில் ஒரு எல்லை உண்டு. ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃபிரட் ஷ்ரோடர் பேரால் அதைச் சொல்வாங்க. பெரியப்பா ரூம் மாதிரி சின்ன ரூமுக்கு அது சுமார் 300 ஹெர்ட்ஸ். அதுக்குக் கீழே ரூம்தான் ராஜா, எந்த ஸ்பீக்கர் வந்தாலும் ரூம் சொன்னபடிதான் ஆடும். அதுக்கு மேலே ஸ்பீக்கர்தான் ராஜா. அங்கே ஸ்பீக்கரில் இருந்து நேரா வர்ற ஒலியையும் சுவரில் பட்டுத் தாமதமா வர்றதையும் நம்ம மூளை தனித்தனியா பிரிச்சுக்கும். மைக்குக்கு அந்த மூளை இல்லை, ரெண்டையும் ஒண்ணாக் கூட்டி ஒரே கோடாப் போடும். அந்தக் கோட்டை நம்பி மேலே கை வச்சா, சரியா இருந்த நேர் ஒலியைத் திரிச்சு வைப்போம். கனடாவில் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலிலும் பிறகு ஹார்மனிலும் பல வருஷம் இதையே ஆராய்ஞ்ச ஃப்ளாய்ட் டூல் திரும்பத் திரும்பச் சொல்றது இதுதான். போதாக்குறைக்கு, நல்ல ஸ்பீக்கரை சாதாரண ரூமில் வச்சு அளந்தா கோடு பேஸில் கொஞ்சம் உயர்ந்து ட்ரெபிள் பக்கம் மெதுவா இறங்கறதுதான் இயல்பு. அதை இழுத்து நேராக்கினா டிரான்சிஸ்டர்தான்.

ஆக, பட்டனை அமுக்கினா எல்லாம் சரியாகும்னு விக்கறதும் கேபிள் வியாபாரத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பிதான். முதல் கேள்வியே "எந்த ஹெர்ட்ஸோட திருத்தத்தை நிறுத்தலாம்?"னு இருக்கணும். அதை நிறுத்த விடாத சாமானை வாங்காதீங்க.

ரெண்டாவது தப்பு, பள்ளத்தை நிரப்பறது. மலையை வெட்டறது சுலபம். ஊஞ்சலைக் கொஞ்சமா தள்ளறோம், அவ்வளவுதான். சத்தமும் குறையும், பாட்டு நின்ன பிறகும் "ம்ம்ம்"னு இழுக்கற இழுவையும் சேர்ந்து குறையும். ஆம்ப்ளிஃபயருக்கும் வேலை மிச்சம். ஆனா 95ல் இருக்கிற பாதாளத்தில் நீங்க எவ்வளவு கொட்டினாலும், பின்சுவரும் அதே அளவு திருப்பி அனுப்பி அழிக்கும். 10 டெசிபல் தூக்க பத்து மடங்கு வாட் வேணும். ஆம்ப் திணறும், ஸ்பீக்கர் கோன் துள்ளும், பள்ளம் பள்ளமாவே இருக்கும். எங்க பாஷையில் சொன்னா, நஷ்டக் கம்பெனிக்கு மேலும் மேலும் முதல் போடறது.

அதுக்கு மென்பொருளில் விடை இல்லை, தரையில்தான் இருக்கு. ஸ்பீக்கரைப் பின்சுவரோட ஒட்டித் தள்ளினோம். முகத்துக்கும் சுவருக்கும் தூரம் ஒண்ணேகால் அடி ஆச்சு. பள்ளம் 200ஐத் தாண்டி மேலே போய் ரொம்ப ஆழமில்லாம ஆயிடுச்சு, ஜி கம்பி பிழைச்சது. பதிலுக்கு மொத்த பேஸும் கொஞ்சம் ஏறிச்சு. ஏறட்டுமே, வெட்டறதுதான் நமக்குச் சுலபமாச்சே! "மூணடி இழுத்து வை"ங்கறது பொதுவா தப்பான அறிவுரைன்னு சொல்ல வரலை. அளக்காம சொன்னது தப்பு.

பெரியப்பா பாட்டு கேட்கறது பழைய லேப்டாப்பில். அதனால செலவே இல்லை. தலை இருக்கிற இடத்தைச் சுத்தி ஆறு இடத்தில் அளந்து சராசரி எடுத்தோம். ரூம் ஈக்யூ விசார்டில் திருத்தும் எல்லையை 20ல் இருந்து 300ன்னும், தூக்கலை பூஜ்யம்னும் வச்சோம், வெட்ட மட்டும்தான் அனுமதி. அது கொடுத்த வடிகட்டி அஞ்சு. அதில் பெரியது 57ல் 11 டெசிபல் குறைப்பு. அந்த டெக்ஸ்ட் ஃபைலை விண்டோஸில் ஓடற ஈக்வலைசர் ஏபிஓவில் ஏத்தினோம், அதுவும் இலவசம். லேப்டாப் இல்லாம சி.டி. பிளேயர்தான்னா நடுவில் ஒரு சின்னப் பெட்டி வாங்கிச் சேர்க்கணும், அது தனிச் செலவு.

திரும்ப அளந்தப்போ கோடு நேரா இல்லை. மேடு பள்ளம் இருந்தது, ஆனா மலை இல்லை. அந்தப் பாட்டைப் போட்டார். கண்ணை எல்லாம் மூடலை, எழுந்து போய் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்னார். "இந்த இடத்துல இறங்கி வர்றான் பாரு... இதை நான் கேட்டதே இல்லைடா. கேசட்ல கூட." அப்புறம் இருக்கிற பாட்டெல்லாம் வரிசையா ஓடிச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் என்னைத் தூங்க விடலை. பேஸ் குறைஞ்சு போகும்னு பயந்திருந்தார். குறையலை, மறைஞ்சிருந்ததெல்லாம் வெளியே வந்துச்சு.

அந்த 1,20,000 ரூபாய் ஸ்பீக்கர் வீண்னு சொல்லலை. 300க்கு மேலே, குரலிலும் வயலினிலும், அது 40,000 ரூபாய் ஸ்பீக்கரைவிட நல்லாவே இருக்கு, நானே ரெண்டையும் கேட்டேன். நல்ல ஸ்பீக்கருக்குக் காசு கொடுங்க. ஆனா அவருடைய புகார் 57லயும் 95லயும் இருந்தது, அதுக்கு விக்கப்பட்டதெல்லாம் வேற எதுக்கோ மருந்து. கூடவே, நம்பாத இடமே இல்லாம நம்பி, கடைசியில் தன் காதையே சந்தேகப்பட்டாரே, அதை நோட்டில் எந்தப் பக்கம் எழுதறது?

போன வாரம், "காது பழகணும்"னு சொன்ன அதே நிபுணர் மறுபடி வீட்டுக்கு வந்திருக்கார். நானும் இருந்தேன். லேப்டாப்பில் என்ன ஓடுதுன்னு அவருக்குத் தெரியாது. ரெண்டு பாட்டு கேட்டார், முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா சார், நான் சொல்லலை? கேபிள் இருநூறு மணி நேரம் ஓடணும். இப்போதான் செட் ஆகியிருக்கு."

பெரியப்பா ஒண்ணும் பேசலை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஈக்வலைசர் ஏபிஓவில் இருந்த டிக்கை எடுத்துட்டு, பாட்டை மறுபடி முதலில் இருந்து போட்டார்.

கும்.